20 மில்லியனும் ஒரு கிழமையும்

மார்கஸ் ராஷ்போர்டை 'தங்கமான மனசுக்காரன்' எண்டு படம் போட்டுப் பகிர்றதைப் பார்க்கேக்க எனக்கு எரிச்சல்தான் வருது. அவர் செய்ததில பாதியைத்தான் பகிர்றம். மற்றப் பாதி அரசியல் எண்டதால விட்டுட்டம்.

2020 கொரோனா முடக்கத்தில, ஃபெயார்ஷெயார் என்ற உணவு உதவி அமைப்புக்காக ஏறத்தாழ 20 மில்லியன் பவுண் திரட்ட உதவினார். அதோட நிண்டிருந்தால் எல்லாருக்கும் சந்தோசம். நிக்கேல்லை. யூன் மாதம், 22 வயதில, பிரித்தானிய எம்பிமாருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அம்மா முழுநேரம் வேலை செய்தும் அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் வீட்டுச் சாப்பாட்டுக்குக் காணேல்லை, இலவசப் பள்ளி உணவையும் உணவு வங்கியையும் நம்பித்தான் வளர்ந்தம் எண்டு அதில இருந்தது. கேட்டது ஒண்டுதான்: கோடை விடுமுறையிலும் உணவு வவுச்சரை நிறுத்தாதேங்கோ. மாட்டம் எண்ட அரசாங்கம் அடுத்த நாளே இறங்கி வந்தது.

"கோடீஸ்வரன்தானே, தன்ர காசைக் குடுக்கலாமே" எண்டு கேட்கிற ஆக்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. இங்கிலாந்தில இந்த உணவுக்கு உரித்தான பிள்ளைகள் அப்ப ஏறத்தாழ 13 இலட்சம். ஆளுக்குக் கிழமைக்கு 15 பவுண். பெருக்கிப் பாருங்கோ, 19.5 மில்லியன். நாடே கைதட்டிச் சேர்த்த அவ்வளவு காசும் ஒரு கிழமைக்குத்தான் காணும்! விடுமுறையோ ஆறு கிழமை. தருமம் எங்க முடியுது, அரசாங்கம் எங்க தொடங்கவேணும் எண்டு இதைவிடத் தெளிவாக எங்கட பாடப்புத்தகம் ஒண்டும் எனக்குச் சொல்லித்தரேல்லை.

ஒக்டோபரில அவருக்கு எம்பிஇ பட்டம் அறிவிச்சார்கள். அதே மாதம், விடுமுறை உணவை அடுத்த ஈஸ்டர் வரை நீடிக்கச் சொன்ன பிரேரணையைப் பாராளுமன்றத்தில 322க்கு 261 எண்டு தோற்கடிச்சார்கள். நல்லவன் எண்டு பட்டம், கேட்டதுக்கு இல்லை. பிறகு சனத்தின்ர கோபம் தாங்காமல், நவம்பரில 170 மில்லியன் பவுண் ஒதுக்கினது வேற கதை.

2021 யூரோ இறுதிப் போட்டியில அவர் பெனால்டியைத் தவறவிட்டார். அரசியல் செய்த நேரத்துக்கு ஆட்டத்தைப் பழகியிருக்கலாம் எண்ட மாதிரி ஆளுங்கட்சிப் பெண் எம்பி ஒருவர் தன்ர சகாக்களுக்கு எழுதினது வெளியில வந்தது. மன்னிப்புக் கேட்டா, சரி. ஆனால் அவர் அந்த 20 மில்லியனுக்கு ஓடித்திரிஞ்ச காலத்தில, பயிற்சி கெட்டுப்போகும் தம்பி எண்டு ஒரு எம்பியும் கவலைப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை.