மாரிக்கு முன் பாதையைக் கரையேற்றுவோம்

2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, மட்டக்களப்பு வாவியில் பாதைகளின் காலம் முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணினோம். அது முடியவில்லை. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் இன்னும் சில துறைகளில் ஆசிரியர்களும் வயற்காரரும் பால்காரரும் மோட்டார் சைக்கிளோடு பாதையேறித்தான் அக்கரை சேர வேண்டியிருக்கிறது. பாதை என்றால் என்னவென்று பிற மாவட்ட வாசகர் கேட்கக்கூடும். இரும்புத் தகட்டால் செய்த மிதவைகளை இணைத்து, மேலே பலகைத் தளம் போட்டு, கயிற்றாலோ என்ஜினாலோ இழுத்துச் செல்லும் தட்டையான மிதப்பு அது.

பாலம் வேண்டும் என்று நாம் எழுதிய மகஜர்களுக்குக் கணக்கில்லை. அவை நியாயமானவையே. ஆனால் பாலம் வரும்வரை நம் பிள்ளைகளைச் சுமக்கிற பாதை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு ஒரு மகஜராவது எழுதியிருக்கிறோமா? 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு உயிர்கள் அன்றே போயின. பாலவேலை நடந்துகொண்டிருந்தபடியால் மக்கள் நம்பியிருந்த பாதை அது. அந்தத் துயரத்துக்குப் பின்னும் நாம் பெரும்பாலும் பாலத்தைப் பற்றியே பேசினோம்.

கார்த்திகையும் மார்கழியும் நம் பக்கத்தில் மழையும் வாடையும் சேர்ந்து வரும் காலம். வாவி பெருகும், ஆற்றுவாழை கூட்டங்கூட்டமாக இறங்கி வந்து கயிற்றிலும் என்ஜின் விசிறியிலும் சிக்கும், அலை எழும்பும். அப்போது பாதையைத் திருத்த முடியாது. சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக விதைப்புத் தொடங்குமுன், புரட்டாதியில் வாவி வற்றிக் கிடக்கிற இரண்டு கிழமைதான் அதற்கு ஏற்றது. அந்நாட்களில் ஆட்களை ஏற்றி இறக்க நல்ல தோணிகளை ஒழுங்கு செய்துவிட்டுப் பாதையைக் கரைக்கு இழுத்துப்போட வேண்டும்.

கரையேற்றினால்தான் உண்மை தெரியும். உவர்நீரில் இரும்பு எல்லா இடத்திலும் ஒரேயளவாகத் துருப்பிடிப்பதில்லை. நீரும் காற்றும் மாறிமாறிப் படுகிற நீர்மட்டக் கோட்டிலேதான் தகடு பெரும்பாலும் முதலில் மெலியும். சிப்பியையும் பாசியையும் சுரண்டி, சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்னும், மெலிந்த தகடு மந்தமாக ஒலிக்கும் அல்லது நெளியும். அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்ட வேண்டும். துருவின்மேல் பூச்சடிப்பது திருத்த வேலை அல்ல, அது கண்ணுக்கு மறைப்பு. திறப்பு விழாவுக்கு அடிக்கும் பச்சை நிறத்தின் கீழே எத்தனை ஓட்டைகள் இருந்தன என்பதைப் பாதைக்காரரிடம் தனியே கேட்டால் சொல்வார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூடிய மிதவைக்குள் துருப்பிடிக்கும் இரும்பு அங்குள்ள ஒட்சிசனைக் குடித்துவிடும். மூடியைத் திறந்தவுடன் உள்ளே இறங்குகிறவர் மயங்கி விழுந்து உயிரிழக்கலாம், அவரைத் தூக்க இறங்குகிறவருக்கும் அதே கதிதான். நன்றாகத் திறந்துவைத்துக் காற்றோட்டம் கொடுத்து, மேலே ஒருவர் காவல் நிற்கவே இறங்க வேண்டும். சிரமதானத்துக்கு வரும் இளைஞருக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

படிப்பு அதிகம் வேண்டாத ஒரு சோதனையும் உண்டு. திருத்தி இறக்கிய வெறும் பாதை நீரில் எவ்வளவு தாழ்கிறதோ அந்த மட்டத்தில் வெள்ளைக் கோடு ஒன்று போடுங்கள். ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள மிதவை பத்து சென்ரிமீற்றர் தாழ்ந்தால் அதன்மேல் 100 கிலோ பாரம் ஏறியிருக்கிறது என்று பொருள். மாரி நடுவில் ஒரு காலையில், யாரும் ஏறாதபோதே அந்தக் கோடு தண்ணீருக்குள் போயிருந்தால், உள்ளே நீர் புகுந்துவிட்டது. புகுந்த நீர் சும்மா கிடக்காது. பாதை சற்றுச் சரிந்தால் அதுவும் அந்தப் பக்கமே ஓடிச் சரிவைக் கூட்டும். பயந்த ஆட்களும் நிலைதடுமாறி அப்பக்கமே நெருங்குவர். ஆகையால் மிதவையின் உள்ளே குறுக்குத் தகடுகள் வைத்து அறை அறையாகப் பிரித்திருப்பது அவசியம். இரண்டாவது கோடு, முழுப்பாரத்துக்கு உரியது. அது தண்ணீரைத் தொட்டதும் துறையில் நிற்கிற எவரும் ஏறக்கூடாது, பாதிரியாரானாலும் சரி.

பருவம் பார்த்துக் கலத்தை நிறுத்துவது நமக்கு மட்டும் உரிய யோசனை அல்ல. வட அமெரிக்கப் பேரேரிகளில் சூ நீர்ப்பூட்டுகள் ஆண்டுதோறும் ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடப்படுகின்றன. அந்தப் பனிக்காலத்தில் சரக்குக் கப்பல்கள் துறையில் கட்டப்பட்டுப் பழுதுபார்க்கப்படும். குழாய்களில் மிஞ்சிய தண்ணீர் உறைந்தால் விரிந்து குழாயையே பிளந்துவிடும் என்பதால் அதை முன்னதாக வடித்துவிடுவார்கள். வருமானம் நிற்கிறதே என்று அங்கே யாரும் அதைத் தள்ளிவைப்பதில்லை.

இங்கே தள்ளிவைக்கப்படுவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஓராண்டுக் குத்தகைக்குப் பாதையை எடுத்தவர், அடுத்த ஆண்டு இன்னொருவர் கைக்குப் போகக்கூடிய தகட்டுக்கு ஏன் செலவழிப்பார்? குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு திருத்த வேலைக்கென்று வங்கியில் தனியாகப் போடப்பட வேண்டும், புரட்டாதியில் கரையேற்றுவது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் பங்குச் சபையும் சேர்ந்து இதைக் கேட்கலாம். புதுப் படகை ஆசீர்வதிக்கக் குருவானவரை அழைக்கிறோம். பழைய பாதையைத் தட்டிப் பார்க்கிற நாளிலும் அவரை அழைத்தால், கணக்குச் சொல்ல வேண்டியவர்களும் தவறாமல் வருவார்கள்.

இன்னொரு காரியம் பணமில்லாமலே செய்யக்கூடியது. காலையில் பாதை நிரம்பி வழிவது பாடசாலை மணியால்தான். முதல் தடவையில் ஏறாவிட்டால் பிந்திவிடும் என்று பிள்ளையும் அஞ்சுகிறது, கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்புக்கோடு விழும் என்று ஆசிரியரும் அஞ்சுகிறார். மாரி மாதங்களில் இரண்டாம் தடவையில் வருகிறவர்களைப் பிந்தியவர்களாகப் பதியாதிருக்க அதிபர்கள் ஒழுங்கு செய்வார்களா? வலயக் கல்விப் பணிமனையில் இதைக் கேட்க, பெற்றோர் சங்கங்கள் புரட்டாதிக்குள் ஒரு நாள் போய்வர வேண்டும்.