முறைப்பெயரை இழந்தார்க்கு முன்னோர் ஏது?

இங்கிலாந்தில் தம் முன்னோரைத் தேடித் துருவுவார் தொகை பெரிது. அவர்க்குக் கைகொடுப்பன அந்நாட்டுப் பழைய குடிமதிப்பு ஏடுகள். பத்தாண்டுக்கொருமுறை வீடுவீடாய்ச் சென்றெழுதிய அவற்றை, நூறாண்டு கழிந்தபின் அவ்வரசு திறந்துவிடுகின்றது. 1921ஆம் ஆண்டு ஏடு 2022இல் திறக்கப்பெற்றது. (1931ஆம் ஆண்டு ஏடு 1942இல் எரிந்து சாம்பலாயிற்று, 1941இல் போர் நிகழ்ந்தமையின் கணக்கே எடுக்கப்படவில்லை.) ஏடு இருக்கின்றது, பெயரும் இருக்கின்றது. யார் யார்க்கு என்ன உறவு என்பதில்தான் படிப்பார்க்குத் தலை சுற்றுகின்றது. கரணியம் யாது? உறவைப் பிரித்துக்காட்டும் சொல்வளம் ஆங்கிலத்திற்கு இல்லை.

1841ஆம் ஆண்டு ஏட்டில் உறவைக் குறிக்க இடமே விடப்படவில்லை. பதினைந்துக்கு மேற்பட்டார் அகவையையும் ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதச் சொல்லிவிட்டனர். ஒரே வீட்டில் 40 அகவை ஆடவன் ஒருவன், 35 அகவைப் பெண் ஒருத்தி, 15 அகவைப் பெண் ஒருத்தி எனக் கண்டால், மூத்தவள் மனைவியா உடன்பிறந்தாளா, இளையவள் மகளா தங்கையா என்று அவ்வேடு சொல்லாது. 1851இல் ஒவ்வொருவரும் வீட்டுத்தலைவனுக்கு என்ன உறவு என்றெழுதத் தனிப்பத்தி வந்தது. வந்தும் முழுவிடிவு இல்லை. தலைவனுக்கு மகன் என்றெழுதப்பட்டவன் அவ்வீட்டுத் தலைவி ஈன்றவனா, இறந்துபோன முன்மனைவி ஈன்றவனா? பத்தி தலைவனோடு நின்றுவிட்டது.

பெருங்குழப்பம் சொல்லிலேயே உள்ளது. ஆறு அகவைச் சிறுவன் ஒருவனைச் 'சன்-இன்-லா' என்றெழுதியிருப்பர். இற்றைப் பொருளில் அவன் மகளைக் கொண்ட மருமகன். ஆறு அகவையில் மணமா என்று மருள வேண்டா. மனைவிக்கு முன்கணவனிடம் பிறந்த மகனையும் அக்காலத்தார் அச்சொல்லாற் குறித்தனர். சார்லசு டிக்கன்சு 1836–37இல் எழுதிய பிக்குவிக்குப் புனைகதையில், சாம் வெல்லர் என்பான் தன் தந்தையின் இரண்டாம் மனைவியை 'மதர்-இன்-லா' என்றே குறிப்பிடுகின்றான். 'நெவ்யூ' என்பது இன்று உடன்பிறந்தார் மகன். அதன் வேராகிய இலத்தீன் 'நெப்போசு' பேரனையுங் குறித்தது. முற்கால ஆங்கிலத்திலும் அப்பொருள் வழங்கிற்று. 'கசின்' பற்றிச் சொல்லவே வேண்டா. ஆணா பெண்ணா, தாய்வழியா தந்தைவழியா, ஒன்றுந் தெரியாது.

தமிழ் முறைப்பெயர்களைப் பாருங்கள். பெரியப்பன் சிற்றப்பன் மக்களும், பெரியம்மை சிற்றன்னை மக்களும் நமக்கு அண்ணன் தம்பியர், அக்கை தங்கையர். அத்தை மக்களும் அம்மான் மக்களும் மணவுறவுக்கு உரியவர். பங்காளி யார், கொண்டான் கொடுத்தான் யார் என்பதை ஒரு சொல்லே அறுதியிட்டுவிடும். (கொண்டான் கொடுத்தான் இருக்க, 'சம்பந்தி' நமக்கெதற்கு?) 1871இல் அமெரிக்க அறிஞர் இலூயிசு என்றி மோர்கன் உலக மக்களின் உறவுமுறைகளை ஒப்பிட்டு நூல் வெளியிட்டபோது, தமிழர் முறை வட அமெரிக்கத் தொல்குடியினராகிய இரோகுவோயர் முறையோடு பெரிதும் ஒத்திருத்தலை எடுத்துக்காட்டினார். மாந்தவியலார் இவ்வமைப்பை இன்றும் 'திராவிட முறை' என்கின்றனர். தமிழிய முறை என்றிருக்கலாம். அது வேறு வழக்கு.

தமிழிலும் மயக்கம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆடவன் தன் அக்கை மகனையும் மருமகன் என்பான். மகளின் கணவனையும் மருமகன் என்பான். தாயுடன் பிறந்தானும் மாமன். மனைவியின் தந்தையும் மாமன். அக்கை மகனுக்கே மகளைக் கொடுத்த காலத்தில் இருவரும் ஒருவரே, சொல் பொருந்திற்று. உறவுக்கு வெளியே மணங்கொள்வார் மிக்க இக்காலத்தில், வெறும் 'மருமகன்' என்றெழுதி வைத்தால் நூறாண்டு கழித்துப் படிப்பவன் நம்மை நொந்துகொள்வான்.

அவன் படிக்க ஏடு இருந்தாலன்றோ? இந்நாட்டில் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கொருமுறை தலையெண்ணினர். தொகைகள் அச்சேறின, வீட்டுத்தாள்கள் வழித்தோன்றல்களுக்குக் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்பதிவுகளை எவரும் பார்வையிட இசைவதில்லை. 2027 மார்ச்சு 1ஐ அளவைநாளாகக் கொண்டு அடுத்த கணக்கு என 2025இல் அறிவித்தனர். அதிலும் நம் பேரன் தன் பாட்டனைத் தேடவியலாது. வாக்காளர் பட்டியலோ பெண்ணுக்குத் தந்தை பெயர் அல்லது கணவன் பெயர் என்ற அளவில் நின்றுவிடும். மணமானதும் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்டாளாயின் அவள் பிறந்த வீடே மறைந்துபோம்.

ஆங்கிலேயனுக்கு ஏடு இருந்தது, சொல் இல்லை. நமக்கு ஏடு இல்லை, சொல்லாவது இருந்தது. அதனையும் நகரத்து வீடுகளில் கைவிட்டு வருகின்றனர். தாய்மாமனும் 'அங்கிள்', சிற்றப்பனும் 'அங்கிள்', பால் கொண்டுவருபவரும் 'அங்கிள்'! உடன்பிறந்தாள் முறையாகிய சிற்றப்பன் மகளும் 'கசின்'. மணக்கவுரிய மாமன் மகளும் 'கசின்'. இவ்வாறு பேசிப் பழகிய பிள்ளை நாளை எவ்வேட்டைக் கண்டு எதனை அறியும்?

அரசு வைக்காத ஏட்டை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுவடி போதும். வீட்டில் முதியோர் இருக்கும்போதே அருகமர்ந்து கேட்டெழுதுக. தலைவனோடு உறவை நிறுத்தாமல், ஒவ்வொருவர்க்கும் தாய் யார் தந்தை யார் என்றெழுதுக. அகவையை எழுதாமல் பிறந்த ஆண்டை எழுதுக. வந்த மருமகளுக்குப் பிறந்த ஊரும் வேண்டும். 'மருமகன்' என்றால் பக்கத்தில் 'அக்கை மகன்' என்றோ 'மகள் கணவன்' என்றோ குறிக்க. பாட்டியை வெறும் பாட்டி என்னாமல், அப்பத்தா, அப்பாயி, அம்மாயி, அமுச்சி என உங்கள் வீட்டில் அழைத்தவாறே எழுதுக. அவள் எவ்வழிப் பாட்டி என்பதோடு, நீங்கள் எப்பக்கத்தார் என்பதையும் அச்சொல்லே காட்டிவிடும்.