தொக்கம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை

‘இங்கு குழந்தைகளுக்குத் தொக்கம் எடுக்கப்படும்’ என்ற பலகையை எங்கள் பக்கத்து ஊர்களில் இன்றும் பார்க்கலாம். பிள்ளை சாப்பிட மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, ராத்திரி அனத்துகிறது என்றால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கைகாட்டுவது அங்கேதான். உள்ளே இருப்பவர் குழந்தையின் தொண்டையிலோ வயிற்றிலோ வாய்வைத்து உறிஞ்சுவார். சிலர் குழல் வைத்து ஊதுவார்கள். சற்று நேரத்தில் இட்லித் துணுக்கோ பிஸ்கட் துண்டோ வெளியே வரும். நாலு நாளாக உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததாம்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தத் துணுக்கைக் காகிதத்தில் மடித்து எங்களிடமே கொண்டுவந்து காட்டிய அம்மாக்கள் உண்டு. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அந்த இட்லி அங்கே இருந்திருக்க வழியே இல்லை.

மூக்கிலிருந்து வரும் காற்றும் வாயிலிருந்து வரும் சோறும் தொண்டையில் குறுக்கும் மறுக்குமாகக் கடக்கின்றன. முன்னால் மூச்சுக்குழல், அதன் முதுகோடு ஒட்டி உணவுக்குழல். கழுத்து மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள்: குரல்வளை மேலே எழும்பி இறங்கும். அந்த ஒரு நொடிக்குள் குரல்வளை மூடி பின்பக்கம் மடிகிறது, குரல்நாண்கள் இறுகச் சேர்கின்றன, மூச்சு நின்று மறுபடி தொடங்குகிறது. கவளம் உணவுக்குழலில் இறங்கி வயிற்றை அடைய ஏறக்குறைய பத்து நொடி. வயிறு அதைச் சில மணி நேரத்தில் கூழாக்கிக் குடலுக்கு அனுப்பிவிடும்.

உணவுக்குழல் நிஜமாகவே அடைத்துக்கொண்டால் எச்சில்கூட இறங்காமல் கடைவாயில் வடியும். மூச்சுக்குழலுக்குள் போனால் இருமல் பிடுங்கி எடுக்கும். இரண்டும் இல்லாமல் நாலு நாள் முழுசாகத் தங்கியிருக்கும் இட்லிக்குத் தொண்டையில் இடமே கிடையாது. பிள்ளையைச் சாப்பிடவிடாத சளிக்காய்ச்சல் பெரும்பாலும் சில நாளில் தானே இறங்கிவிடும். பேர் மட்டும் தொக்கத்துக்குப் போய்ச் சேரும்.

நிஜமாகவே சிக்கும் பொருளை இந்தக் கூத்து மறைத்துவிடுவதுதான் என் கவலை. அதில் முதலிடம் நிலக்கடலைக்கு. பால்பற்களில் கடைவாய்ப் பல் முளைக்க ஒரு வயது தாண்டும். வரிசை முழுமையாக இரண்டரை, மூன்று வயதாகிவிடும். அதுவரை முன்பல்லால் கடலையைப் பிளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதை அரைக்க முடியாது. வாயில் கடலையோடு சிரித்தாலோ அழுதாலோ அது மூச்சோடு உள்ளே போகும். நுரையீரலுக்குப் பிரியும் கிளைகளில் வலப்பக்கக் கிளை அகலம், செங்குத்தும்கூட. பெரும்பாலும் அதில்தான் விழும். அரை மணி நேரம் இருமிவிட்டுக் குழந்தை விளையாடப் போய்விடும். வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிறகு வாரக்கணக்கில் சளி, இழுப்பு, மருந்து, நடுவில் ஒரு தொக்கம். காசு என்றால் எக்ஸ்ரேயில் வட்டமாகத் தெரியும், கடலை தெரியாது. ‘சாப்பிடும்போது திடீரென்று மூச்சுத் திணறியதா?’ என்ற கேள்விக்கு அம்மா யோசித்துச் சொல்லும் பதில்தான் எங்களுக்கு எக்ஸ்ரே. 1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர் ஒரு விவசாயியின் மூச்சுக்கிளையிலிருந்து குழல்வழி எலும்புத்துண்டை எடுத்துக் காட்டினார். அந்த வழி வந்து நூற்றாண்டு கடந்தும் நாம் உறிஞ்சுபவரிடம் வரிசையில் நிற்கிறோம்.

பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் வட்ட பேட்டரி இன்னும் மோசம். உணவுக்குழலில் தங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அரித்துவிடும். அதை விழுங்கிய பிள்ளையை எங்கேயும் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

புரையேறினால் உச்சந்தலையில் தட்டி ‘யாரோ நினைக்கிறாங்க’ என்கிறோம். தலையில் தட்டி எதுவும் இறங்காது. சத்தமாக இருமுகிற பிள்ளையை இருமவிடுங்கள். சத்தமும் வரவில்லை, மூச்சும் வரவில்லை என்றால்தான் கை வைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருந்தால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து அடி. பிறகு திருப்பி, நெஞ்செலும்பில் ஐந்து அழுத்தம். அடைப்பு விலகும்வரை மாற்றி மாற்றி. யாராவது 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலைவிட்டுத் துழாவாதீர்கள்; இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

இதைத் தாய்மார்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பிரசவத்துக்கு முன்னும் பின்னும் எத்தனையோ அறிவுரை சொல்கிறோம். இதை மட்டும் விட்டுவிடுகிறோம். ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தை வரும்போது அது சோறு பிசைந்து தின்னத் தொடங்கியிருக்கும். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறோம். அந்த நேரத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒரு பொம்மையைக் கையில் குப்புறப் போட்டுக் காட்டலாம், ஐந்து வயதுவரை முழுக் கடலை வேண்டாம், பொடித்துக் கொடுங்கள் என்று சொல்லலாம். பொம்மைக்குத் தனி நிதி ஒதுக்கீடு கேட்பார்கள் என்றால், துணியை உருட்டிக் கட்டினாலும் போதும்.