கைப்பிடி இல்லாத மாடிப்படி

பிரிட்டனில் ஏழெட்டு வருடம் படிப்பும் ஆபீஸ் அனுபவமும் சேர்த்தவர்கூட, ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போர்டு மாட்டிவிட முடியாது. 1997-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு வாரியத்தின் பட்டியலில் பெயர் ஏறியவர்தான் அந்தப் பெயரில் தொழில் நடத்தலாம். அதற்கான கடைசிக் கட்டத்தை ‘பார்ட் 3’ என்பார்கள். அனுபவக் குறிப்பேடு, தான் வேலை பார்த்த ஒரு கட்டடம் பற்றிய அறிக்கை, எழுத்துத் தேர்வு எல்லாம் தாண்டி, தேர்வாளர்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். (இந்தியாவில் 1972-ம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி ஒரு வாய்மொழித் தேர்வு இல்லை, அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால் பதிவு செய்துகொள்ளலாம்.)

இதற்காக நடக்கும் செமினார்களைப் பலர் டியூஷன் என்று நினைத்துப் போகிறார்கள். கேள்வியும் பதிலும் அச்சடித்துக் கொடுத்தால் போதும் என்று எதிர்பார்க்கிறார்கள். அங்கேதான் சறுக்கல்.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். ‘வேலை முடிந்துவிட்டது, மாடிப்படிக்குக் கைப்பிடி மட்டும் வரவில்லை. உரிமையாளர் திங்கட்கிழமை குடிவர வேண்டும், நிறைவுச் சான்றிதழ் கொடுங்கள் என்கிறார். என்ன செய்வீர்கள்?’

மனப்பாடம் செய்தவர் சான்றிதழின் இலக்கணத்தை ஒப்பிப்பார். தேர்வாளர் கேட்டது அதை அல்ல. ஜேசிடி என்ற அங்கே புழங்கும் கட்டுமான ஒப்பந்தத்தில், அந்தச் சான்றிதழ் என்ற ஒரு தாளில் கையெழுத்து விழுந்ததும் பிடித்து வைத்த பணத்தில் பாதி ஒப்பந்தக்காரருக்குப் போய்விடும். தாமதத்துக்கான இழப்பீடு அன்றோடு நிற்கும். கட்டடத்தைக் காப்பீடு செய்யும் பொறுப்பும் பெரும்பாலும் உரிமையாளர் தலையில் ஏறும். அவசரப்படும் உரிமையாளருக்கே அது நஷ்டம். பிளிமத் மாணவர் விடுதி வழக்கில் 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் இங்கே உதவும்: கண்ணில் படும் குறை அற்பமானதாக இருந்தால்தான் அதைத் தாண்டிச் சான்றிதழ் தரலாம். கைப்பிடி இல்லாத படியில் ஒரு குழந்தை விழலாம். அதை அற்பம் என்று யார் சொல்வார்கள்? ஆகவே ‘தர மாட்டேன்’ என்று சொல்லி, ஏன் என்பதையும் சம்பளம் தரும் அதே உரிமையாளருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும்.

இந்த விளக்கத்தை மனசுக்குள் சொல்வது சுலபம். வாய்விட்டுச் சொல்லும்போதுதான் நாக்கு குழறும். நல்ல செமினாரில் ஒருவர் கோபக்கார உரிமையாளராக உட்காருவார், இன்னொருவர் பதில் சொல்வார், மற்றவர்கள் நடுவில் புகுந்து ‘அந்த ஷரத்து அப்படிச் சொல்லவில்லையே’ என்பார்கள். முதல் வாரம் கூச்சமாகத்தான் இருக்கும். போகப் போக, எந்தக் கேள்விக்கு ‘என் தொழில் பொறுப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவித்துவிட்டுத்தான் பேசுவேன்’ என்பது சரியான பதில் என்று பிடிபடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, யாரிடம் கேட்பேன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறவரை எந்தத் தேர்வாளரும் குறைவாக நினைப்பதில்லை. ஊகித்து அடித்துவிடுகிறவரைப் பார்த்துத்தான் அவர்கள் பயப்படுவார்கள்; நாளை அந்தக் கையெழுத்தை நம்பி ஒருவர் பணம் போடப்போகிறார்.

மாதிரி விடைகளை மட்டும் விற்கும் வகுப்புகளும் உண்டு. தேர்வாளர் உங்கள் சொந்த அறிக்கையை விரித்து, ‘இந்தத் தேதியில் ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று ஆரம்பித்தால் அந்த விடைகள் கைகொடுக்காது.

இந்த வருடம் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செமினாருக்கு நோட்டோடு உங்கள் அறிக்கையையும் எடுத்துப் போங்கள், முதல் கேள்வியை உங்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.