பையன் சம்பளத்தை மட்டும் கேட்டால் போதுமா?

என் தங்கைக்கு வரன் பார்த்துக் கொண்டிருக்கிறோம். திருச்செங்கோட்டில் பி.இ. முடித்து, கோவையில் மூன்று வருடமாகக் கம்ப்யூட்டர் கம்பெனியில் 32,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறாள். இரண்டு ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது. இரண்டு பையன்களுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். ஒருவர் பெங்களூர், கைக்கு 75,000 ரூபாய். இன்னொருவர் சேலம், 40,000 ரூபாய். "இதிலே யோசிக்க என்ன இருக்குது?" என்று வீட்டில் எல்லோரும் பெங்களூரையே பிடித்துக் கொண்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் ஓரகத்தி பெங்களூர் மாரத்தஹள்ளியில் குடியிருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதினேன். இரண்டு ரூம் வீட்டுக்கு வாடகை 28,000. பராமரிப்பு 3,500. மளிகை, காய், பால் 15,000. ஆபீஸ் போய்வர 6,000. கரண்டு, கேஸ், போன், ஊருக்கு வந்து போவது எல்லாம் சேர்த்து 5,000. மீதி 17,500. வீட்டு அட்வான்ஸ் தனி. 2024 கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கிய கதையை அவள் சொன்னபோது, நம்ம ஊரே தேவலாம் போலிருந்தது.

சேலம் பையனுக்குச் சொந்த வீடு. (மாமியார் வீடு என்று படிக்கவும்!) செலவு 20,000, மீதி 20,000. கணக்கைப் பார்த்து அப்பாவே வாயடைத்துப் போனார்.

தங்கை நோட்டை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, இதுல என் சம்பளம் எங்கே?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பத்தாவதோடு நின்றவள் நான். ஆம்பளை கொண்டு வருவதை வைத்தே கணக்கு எழுதிப் பழகிவிட்டது.

அவள் கேட்டது நியாயம்தானே? பெங்களூரில் ஒரு கம்பெனி போனால் இன்னொன்று தேடலாம். சேலத்திலும் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் பூங்கா இருக்கிறது. கருப்பூர் பக்கம் 2024 செப்டம்பரில் டைடல் நியோ திறந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் இவள் பார்க்கிற வேலைக்கு அங்கே ஆள் எடுக்கிறார்களா என்று எங்கள் வீட்டில் ஒருவரும் விசாரிக்கவில்லை. வேலை இல்லையென்றால் மாதம் 32,000 ரூபாயை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவள் அடுப்படியில் நிற்க வேண்டியதுதான்.

பையனின் சம்பளம், வீடு, தோட்டம் எல்லாம் கூச்சமில்லாமல் கேட்கிறோம். "எங்கள் பெண் அந்த ஊரில் எங்கே வேலைக்குப் போவாள்?" என்று கேட்க மட்டும் வாய் வருவதில்லை. வரன் தட்டிப் போய்விடுமோ என்று பயம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். காபி கொடுத்த கையோடு நானே கேட்கப் போகிறேன். அம்மா இப்போதே முறைக்கிறாள்.

- ஒரு வாசகி, ராசிபுரம்.