தூக்கிப் பார்ப்பது தேர்வாகாது

சைக்கிளின் தரத்தை அதன் எடையைக் கொண்டே முடிவு செய்துவிடலாம் என்ற நம்பிக்கை, உறுப்பு உறுப்பாக வாங்கித் தமக்கென மலைப்பாதைச் சைக்கிளைச் சேர்த்துக் கட்டும் ஆர்வலரிடம் தொடங்கி, பிள்ளைக்கு முதல் கியர் சைக்கிள் வாங்கக் கடைக்கு வரும் பெற்றோர் வரை பரவி வேரூன்றியிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் உள்ள ரெட்டியார்பாளையம் போன்ற குடியிருப்புப் பகுதியாயினும், பெருநகரத்தின் பெரிய விற்பனைக் கூடமாயினும், வாங்க வருபவர் முதலில் செய்வது சைக்கிளின் மேல்குழாயைப் பற்றி ஒரு கையால் தூக்கிப் பார்ப்பதுதான். எளிதாக எழும்பினால் அது உயர்ந்த சைக்கிள். கை சற்றே தொய்ந்தால் அது தாழ்ந்த சைக்கிள். இந்தத் தேர்வு நடக்கும் நேரத்தில் சக்கரம் தரையில் உருளவில்லை, பிரேக் பிடிக்கப்படவில்லை, இருக்கையில் ஆள் இல்லை. சைக்கிள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையில் ஒன்றைக்கூடச் செய்யாதிருக்கும் கணத்தில் அதற்கு மதிப்பெண் போடும் இந்த வழக்கம், பணத்தை வீணாக்குவதோடு நிற்காமல் சில வேளைகளில் உயிருக்கும் ஊறு செய்வதால், அதை மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனியே அதிர்வு தாங்கி பொருத்தப்பட்ட மலைப்பாதைச் சைக்கிளே முழு சஸ்பென்ஷன் சைக்கிள் எனப்படுகிறது. கடைப் பேச்சில் அது ‘டபுள் ஷாக்’. முன்புறத்தில் ஃபோர்க்கின் இரு கால்களும் உள்வாங்கி நீள்கின்றன. பின்புறத்தில் சக்கரத்தைத் தாங்கும் பகுதி, ஃப்ரேமோடு அச்சாணிகளால் இணைக்கப்பட்டு, ஒரு ஷாக்கை அழுத்தியபடி மேலும் கீழும் அசைகிறது. ஒவ்வோர் அதிர்வு தாங்கியிலும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. காற்றோ கம்பிச் சுருளோ ஆன ஸ்பிரிங், மோதலின் ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்கிறது. சிறு துளைகள் வழியே எண்ணெயைப் பிதுக்கும் தணிப்பான், அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றி, ஸ்பிரிங் துள்ளிக் குதிக்காமல் அடக்குகிறது. இந்த அமைப்புகள் அனைத்தும் எடை கூட்டுபவை. ஆகவே இத்தகைய சைக்கிளை இலகுவாகக் கட்டுவது கைத்திறனைக் கோரும் அரிய வேலை என்பதில் ஐயமில்லை. போட்டிக்கென கார்பன் இழையால் ஆன சைக்கிள்கள் 10 முதல் 12 கிலோ அளவில் நிற்க, மலிவு விலை டபுள் ஷாக் சைக்கிள்கள் 18 கிலோவையும் தாண்டுகின்றன. இந்த வேறுபாட்டைக் கண்ட கண், எடையே தரத்தின் காரணம் என்று எண்ணிவிடுகிறது. ஆனால் எடை குறைந்தது நல்ல பொருளும் நல்ல வடிவமைப்பும் சேர்ந்ததன் விளைவே ஆகும். விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது.

இந்த நம்பிக்கைக்கு வரலாற்று நியாயம் ஒன்றும் உண்டு. 1949இல் சென்னையில் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கிய பின் தமிழ்நாட்டுச் சாலைகளை நிறைத்த எஃகுச் சைக்கிள்கள் கனமானவை. பால் கேன், நெல் மூட்டை, கேரியரில் ஒருவர், முன்கம்பியில் ஒரு குழந்தை என்று குடும்பத்தின் பாரத்தையெல்லாம் சுமந்தவை. கனமான சைக்கிள் உழைப்பின் அடையாளமாகவும் இலகுவான சைக்கிள் வசதியின் அடையாளமாகவும் மனத்தில் பதிந்ததற்கு இந்த அனுபவம் காரணமாக இருந்திருக்கலாம். மிதிப்பவருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வதும் உண்மைக்கு மாறானது. மேட்டில் ஏறும்போது ஒவ்வொரு கிலோவையும் காலே தூக்க வேண்டும். எவ்வளவு தூக்க வேண்டும், அதற்கு என்ன விலை தரலாம் என்பதே கேள்வி.

அதற்குக் கணக்கு எளியது. நீலகிரிச் சாலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஏறுபவர் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறார். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றும், மிதிப்பவர் இடைவிடாமல் 200 வாட் திறன் தருகிறார் என்றும் கொண்டால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் 11,76,000 ஜூல் ஆற்றல் தேவை. அதற்கு 98 நிமிடங்கள் ஆகும். சைக்கிளில் 1 கிலோவைக் குறைத்தால் மிச்சமாவது 14,700 ஜூல், அதாவது 74 வினாடிக்கும் குறைவு. தென்னிந்தியாவின் நீண்ட ஏற்றங்களுள் ஒன்றிலேயே ஒரு கிலோ வாங்கித் தரும் லாபம் இவ்வளவுதான். புதுச்சேரியிலோ, பிரெஞ்சுக்காரர்கள் சிவப்பு மலைகள் என்று பெயரிட்ட கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண் மேடுகளே நிலத்தின் உச்சம். அவற்றின் உயரம் 30 மீட்டர் அளவே. அந்த உயரத்துக்கு ஒரு கிலோ மிச்சப்படுத்துவது ஒன்றரை வினாடி. ரெட்டியார்பாளையத்திலிருந்து மேற்கே வில்லியனூருக்கோ ஊசுட்டேரிக் கரைக்கோ போய் வருபவருக்கு அந்த ஒன்றரை வினாடியும் கிடைக்காது. போட்டியில் வினாடிக்கு விலை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. போட்டிக்குப் போகாதவர் அந்த வினாடிகளுக்காக ஒரு மோட்டார் சைக்கிளின் விலையைக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

ஏற்றத்தின் கணக்கைப் பேசுபவர்கள் இறக்கத்தின் கணக்கைப் பேசுவதில்லை. ஏறும்போது சேர்த்து வைத்த அந்த 11,76,000 ஜூலும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. வளைவும் கல்லும் நிறைந்த பாதையில் மெதுவாக இறங்குபவருக்குப் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாக மாறுகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் நீருக்குக் கொடுத்தால், அறை வெப்பத்தில் உள்ள 4 லிட்டர் நீர் கொதிநிலையை எட்டிவிடும். இவ்வளவு வெப்பத்தையும் தாங்கி வெளியேற்ற வேண்டியது, உள்ளங்கை அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு அகலமே உள்ள இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகள். எடைக்காகப் பெரிய பிரேக் தட்டைக் கழற்றிவிட்டுச் சிறியதை மாட்டுபவர் மிச்சப்படுத்துவது சில பத்து கிராம். இழப்பது நெடிய இறக்கத்தின் கடைசி வளைவில் பிரேக் பிடிக்கும் என்ற உறுதி. மலைப்பாதைச் சைக்கிளின் பிறப்பே இந்தப் பாடத்தைச் சொல்கிறது. 1976இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலையிறங்கிப் போட்டியிட்டனர். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் கருகிப் புகைந்துவிடும் என்பதால் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் போட்டிக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. இந்த வகைச் சைக்கிளைப் படைத்தவர்கள் முதலில் மோதியது வெப்பத்தோடு.

எடைக் குறைப்பு மிக எளிதாக நடக்கும் இடம் டயர். மிகத் தவறாக நடக்கும் இடமும் அதுவே. பக்கச்சுவர் மெலிந்த டயரைப் போட்டால் ஒரு சக்கரத்துக்கு 200, 300 கிராம் குறைந்துவிடும். ஆனால் மெல்லிய டயரில் காற்று குறைவாக இருந்தால் கல்லில் மோதும்போது ரிம் நசுங்கும். அதைத் தவிர்க்கக் காற்றைக் கூட்டினால் டயர் விறைத்து, தரையைப் பற்றாமல் கல்லின்மேல் வழுக்கும். பெரும் பணம் கொடுத்து வாங்கிய சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய நுண்ணிய வேலையின் முதல் பங்கை டயர்தான் செய்கிறது என்பதால், டயரை விறைப்பாக்கியவர் தம் கையாலேயே அந்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறார். இதற்கு மேல் முள். புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளிலும் ஓடைக்கரைகளிலும் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. காய்ந்து உதிர்ந்த அதன் முள், மெல்லிய டயரைத் தயங்காமல் துளைத்துவிடும். இரண்டு டயரிலுமாக 600 கிராம் குறைத்தவருக்குக் குன்னூர் ஏற்றத்தில் கிடைப்பது 44 வினாடி. ஒரே ஒரு பஞ்சர், வழியோரம் உட்கார்ந்து டியூப் மாற்றும் நேரமாக, அதைப்போல் பத்து மடங்கைப் பறித்துக்கொள்ளும்.

சக்கரத்தில் குறைக்கும் ஒரு கிராம் ஃப்ரேமில் குறைக்கும் பல கிராமுக்குச் சமம் என்ற வாதமும் அடிக்கடி எழுப்பப்படுகிறது. வேகம் கூட்டும் கணத்தில் மட்டும், அதுவும் விளிம்பில் உள்ள எடைக்கு, ஏறத்தாழ இரு மடங்கு என்ற அளவில் அது உண்மை. சீரான வேகத்தில் ஏறும்போது சக்கரத்தின் கிராமும் ஃப்ரேமின் கிராமும் ஒன்றே. சக்கரத்தின் எடையைக் கவனிக்க வேண்டிய உண்மையான காரணம் வேறு. சக்கரம், டயர், பிரேக், பின்புறத்தில் அசையும் கரம் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. கல்லில் ஏறி இறங்கும்போது இவைதான் மேலும் கீழும் எறியப்படுகின்றன. இவை கனத்தால் ஸ்பிரிங் அவற்றை உரிய நேரத்தில் தரைக்குத் திருப்பி அனுப்ப முடியாமல் பின்தங்கும். ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதில் பெரும்பங்கு மனித உடல் என்பதால், ஃப்ரேமில் அரைக் கிலோ குறைப்பது சஸ்பென்ஷனின் நடத்தையில் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. ஆகவே எந்த கிராம் எங்கே இருக்கிறது என்பதே பொருள் உள்ள கேள்வி. தராசு எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் கொடுத்து இந்தக் கேள்வியையே மறைத்துவிடுகிறது.

உறுதியின் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் கடுமையானது. அலுமினியத்துக்கு எஃகைப் போன்ற சோர்வு வரம்பு கிடையாது. அதாவது, சிறிய அழுத்தங்களானாலும் அவற்றின் எண்ணிக்கை கூடக் கூட, என்றாவது ஒருநாள் விரிசலாக முடியும். கார்பன் இழை எடைக்கு எடை மிக வலியது; ஆனால் கல்லில் மோதிய அடி வெளியே வண்ணப்பூச்சில் சிறு கீறலாகவும் உள்ளே இழை பிரிந்ததாகவும் இருக்கக்கூடும். கார்பன் ஹேண்டில்பாரை இறுக்க, முறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர் வேண்டும். கை மதிப்பில் இறுக்கிய திருகாணியே அதை நசுக்கிவிடும். மனிதனின் முழு எடையும் சாயும் ஹேண்டில்பாரிலும் அதைப் பிடித்து நிற்கும் ஸ்டெம்மிலும் கிராம் எண்ணுவது, கிணற்றுக் கயிற்றில் இழை உருவுவதற்கு ஒப்பானது. வலு, இலகு, மலிவு ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே பெற முடியும் என்று, மலைப்பாதைச் சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் சொன்னதாக ஒரு கருத்து வழங்குகிறது. மலிவையும் இலகுவையும் தேர்ந்தெடுப்பவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதை, விழும் நேரத்தில்தான் அறிகிறார்.

எடைதான் எல்லாம் என்றால், முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளே எப்போதும் வெல்ல வேண்டும்; பின் ஷாக்கும் அச்சாணிகளும் இல்லாததால் ஒரே தரத்தில் அதுவே இலகு. ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக் மலைப்பாதைப் பந்தயத்தில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி தங்கம் வென்றது முழு சஸ்பென்ஷன் சைக்கிளில்தான். இரண்டாவதாக வந்த சுவிட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டரை அவர் முந்தியது ஒரே ஒரு வினாடியில். வினாடிக்கு விலை உள்ள அந்த இடத்திலேயே, கூடுதல் எடையைச் சுமந்து பின்சக்கரத்தைத் தரையில் ஒட்ட வைப்பது ஏற்புடைய வணிகமாக இருந்திருக்கிறது.

இதன் மறுபக்கத்தில் மலிவு டபுள் ஷாக் சைக்கிள் நிற்கிறது. அதன் பின் ஷாக் பெரும்பாலும் வெறும் கம்பிச் சுருள். உள்ளே தணிப்பான் கிடையாது. ஒவ்வொரு மிதியிலும் அது அமுங்கி எழுந்து காலின் உழைப்பைத் தின்கிறது. சமதளத் தார்ச்சாலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது முற்றிலும் வேண்டாத பாரம். தூக்கிப் பார்த்து வாங்குவதும் ஷாக்கை எண்ணிப் பார்த்து வாங்குவதும், நிற்கும் சைக்கிளைக் கண்டு ஓடும் சைக்கிளைத் தீர்மானிக்கும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், அந்த பிரான்சிலேயே இதற்கு நேர்மையான வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இலகுவான சைக்கிள் செய்யும் கைவினைஞர்களுக்காக 1934இல் ‘கோன்கூர் தெ மஷீன்’ எனப்பட்ட இயந்திரப் போட்டி தொடங்கியது. அதில் குறைந்த எடைக்குப் புள்ளிகள் உண்டு. ஆனால் சைக்கிளைக் கரடுமுரடான மலைச் சாலைகளில் ஓட்டிக் காட்ட வேண்டும், உடைந்ததற்கும் தளர்ந்ததற்கும் புள்ளிகள் குறைக்கப்பட்டன. இலகுவை அவர்கள் இகழவில்லை. அதற்கு முன் சோதனையை வைத்தார்கள். மட்கார்டும் விளக்கும் தாங்கிய சைக்கிள்கள் வியக்கத்தக்க அளவு இலகுவானது அந்த ஒழுங்கின் விளைவாகவே.

முழு சஸ்பென்ஷன் சைக்கிளை இலகுவாகக் கட்ட விரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய வரிசையும் அதுவே. ஓட்டப்போகும் நிலம் முதலில்: ஆரோவில் மேட்டில் மழைநீர் அரித்த செம்மண் ஓடைகளா, செஞ்சிப் பக்கத்துப் பாறைச் சரிவா, வெறும் சாலையா என்பது தெளிவாக வேண்டும், சாலை என்றால் சஸ்பென்ஷனே தேவையில்லை. அடுத்து உடல் அளவுக்கு ஏற்ற ஃப்ரேம், முள்ளையும் கல்லையும் தாங்கும் டயர், உடல் எடைக்கேற்ற பிரேக், அதே எடைக்கேற்பக் காற்று நிரப்பிய ஷாக். இவை அனைத்தும் அமைந்த பிறகு, எஞ்சும் இடத்தில் கிராம் குறைக்கலாம். கடைக்குள் நின்று செய்யத்தக்க சோதனையும் ஒன்று உண்டு. இருக்கையை இரு கைகளாலும் அழுத்தி விட்டால், தணிப்பான் உள்ள ஷாக் ஒரே மூச்சில் எழுந்து அசைவற்று நிற்கும். இல்லாதது இரண்டு மூன்று முறை துள்ளி அடங்கும். மேல்குழாயைப் பற்றித் தூக்கும் கைக்குத் தெரியாத இந்த வேறுபாடு, இருக்கையை அழுத்தும் கைக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.