ஆக்கலும் காத்தலும்

ஒரு பொருளை ஆக்குதல் வேறு. ஆக்கியதனைக் காத்தல் வேறு. ஏரி வெட்டினோன் பெயர் கல்லில் நிற்கின்றது. ஆண்டுதோறும் தூர்வாரிக் கரையடைத்தோன் பெயரை அறிவார் இலர். ஆயினும் வயல் விளைவது பின்னவன் உழைப்பாலும் அன்றோ? இணையத்தளம் வைத்துச் சிறுதொழில் நடத்துவோர் பலர் இவ்வுண்மையை இன்னும் உணர்ந்திலர் என்பது எமது கருத்து.

தையற்கடையாயினும் பலகாரக்கடையாயினும் இன்று தளமொன்று அமைத்தல் எளிதாயிற்று. பொருள் கொடுத்து அமைப்பித்தோர், திறப்பு நாளில் மகிழ்ந்து, பின்னர் அதனைப் பெயர்ப்பலகை போலக் கருதி மறந்துவிடுகின்றனர். பலகை மழையில் நனைந்தாலும் பெயரைக் காட்டும். தளமோ அத்தன்மைத்தன்று; பூட்டும் சாவியும் உடைய கடை அது. அதன் வாயில் உலகத்தார் அனைவர்க்கும் எதிரே உள்ளது.

சிறு தளங்கள் பலவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் இயங்குவன. கடவுச்சொல் இன்றியே அயலார் பக்கங்களைத் திருத்த இடந்தந்த குறையொன்றை நீக்கி, 2017 ஜனவரி 26 அன்று அதன் புதிய பதிப்பு வெளிவந்தது. அக்குறை இன்னதென்பது பிப்ரவரி 1 அன்று வெளியிடப்பட்டது. அடுத்த சில நாட்களுக்குள், புதிய பதிப்பை ஏற்காதிருந்த தளங்களில் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டன. மருந்து கைக்கு எட்டிய பின்னரே நோய் பரவியது என்பதை நோக்குக.

2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் நிலையக் கட்டடமொன்று தீக்கிரையாயிற்று. தம் தளத்தின் பிரதியை வேறிடத்தில் வைத்திருந்தோர் மீண்டும் கடை திறக்க இயன்றது. பிரதி வையாதோரிற் பலர் எல்லாம் இழந்தனர்.

"எமக்கு நேரமும் இல்லை, அக்கல்வியும் இல்லை" என்பர் சிலர். வேண்டுவது பெருங்கல்வி அன்று. கிழமைக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, மென்பொருளைப் புதுப்பித்தலும், பிரதியெடுத்து வேறிடத்தில் வைத்தலும், விலையும் கடைநேரமும் சரியா எனப் பார்த்தலும், வாங்குவோர் போலத் தாமே ஓர் ஆர்டர் அனுப்பிச் சோதித்தலும் எவர்க்கும் இயல்வனவே. வேலையினின்று நீங்கினோர் கடவுச்சொல்லை அன்றே நீக்குக. தளப்பெயரைத் தவணை தவறாது புதுப்பிக்க. டாட் காம் என முடியும் பெயர் தவணை கடந்து நீக்கப்படின், மீட்டற்கு 30 நாள் உண்டு. அதற்குத் தனிக் கட்டணமும் நேரும். அதுவும் கடந்தால் அப்பெயரை வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். இப்பணிகளைப் பிறரிடம் ஒப்படைப்பினும், பெயரின் பதிவும் சாவியும் உரிமையாளர் கையிலேயே இருத்தல் வேண்டும்.

இவை யாவும் ஊதியத்தின் பொருட்டு மட்டுமே கூறப்பட்டன அல்ல. தளம் வணிகருடையது, ஆயின் அதிலுள்ள பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் வாங்குவோர் நம்பி வைத்த அடைக்கலப் பொருள்கள். தம் பொருளைக் காவாதோன் தானே இழப்பான். பிறர் பொருளைக் காவாதோனோ அவர்க்கும் தீங்கிழைத்தவன் ஆவான். பெருநிறுவனங்கட்குக் காவலர் பலர் உளர். ஒரு நாள் முடங்கினும் அவை தாங்கும். சிறுவணிகர்க்கோ நம்பிக்கையே முதல். அம்முதல் ஒருமுறை அழியின், எக்கடனாலும் அதனை மீட்டல் அரிது.

ஆதலின், காக்க மனமில்லாதார் தளம் அமையாதிருத்தலே நன்று; தொலைபேசி எண் எழுதிய பலகையொன்று அவர்க்குப் போதும். கல்வி முடித்துத் தொழில் தொடங்க எண்ணும் நம் நண்பர்கள், தளம் திறக்கும் நாளைக் குறிக்கும்போதே, அதனைக் காக்கும் கிழமையையும் குறித்துக்கொள்வாராக.